விதையை விற்றுத் தின்ற கம்பெனி

(தர்மபுரியில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் வாசகம்)



இன்று மாலை நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஓர் அமெரிக்கக் கம்பெனியின் கதை. அதன் பெயர் இன்டெல். "கூலியைப் பற்றிப் பேசுங்கள், குடிதண்ணீரைப் பற்றிப் பேசுங்கள். கலிபோர்னியாவில் இருக்கிற கம்பெனிக்கு லாபம் வந்தால் நமக்கென்ன, நஷ்டம் வந்தால் நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுவோம்.

பாலக்கோட்டிலும் காரிமங்கலத்திலும் பொழுது விடியுமுன் எழுந்து ஓசூர் பக்கம் வேலைக்குப் போகும் பிள்ளைகள் நம் வீட்டுப் பிள்ளைகள். 2004-ம் வருஷம் பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும் வரை, ஓசூரும் நம் தர்மபுரி மாவட்டம்தான். அந்த ஓசூருக்குப் பக்கத்தில்தான் டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஐபோனுக்கான பாகங்களைச் செய்கிறது. அங்கே வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். அதே டாட்டா கம்பெனியும் இன்டெல் கம்பெனியும் 2025 டிசம்பர் 8-ந் தேதி கைகோத்துக்கொண்டதாக அறிவித்தன. குஜராத்தில் தோலேராவிலும் அஸ்ஸாமில் ஜாகிரோடிலும் டாட்டா கட்டிவரும் ஆலைகளில் இன்டெல்லின் 'சிப்'புகளைச் செய்யலாமா, உறை போடலாமா என்று சேர்ந்து பார்ப்பது என்பது அந்த அறிவிப்பு. ஆகவே இன்டெல்லின் பிழைப்பும் நம் பிள்ளைகளின் பிழைப்பும் ஒரே பாதையில் வந்து சேரப் பார்க்கின்றன. சம்பந்தம் பேச வருகிற வீட்டின் நிலவரத்தை விசாரிக்காமல் எவரேனும் பெண் கொடுப்போமா? அதனால் விசாரிப்போம்.

மடையும் நாற்று நடவும்

சிப் என்பது என்ன? மணலிலிருந்து எடுத்துச் சுத்தப்படுத்திய சிலிக்கனை மெல்லிய வட்டத் தகடாக அறுத்து, அதன்மேல் ஒளியால் கோடு போட்டு, லட்சோப லட்சம் மடைகளை அமைக்கிறார்கள். அதை விரல் நகத்தளவு துண்டுகளாக வெட்டினால் சிப். வயலில் மடை என்ன செய்கிறது? திறந்தால் தண்ணீர் ஓடும், அடைத்தால் நிற்கும். சிப்பில் ஓடுவது மின்சாரம். திறந்த மடை ஒன்று, அடைத்த மடை பூஜ்யம். இந்த இரண்டை வைத்துக்கொண்டே கணக்குப் போடுகிறது, எழுத்தைக் காட்டுகிறது, பேச்சைக் கொண்டுபோகிறது. இந்த மடைக்கு டிரான்சிஸ்டர் என்று பெயர்.

1968-ல் ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர் என்ற இருவர் இன்டெல்லைத் தொடங்கினார்கள். 1971-ல் ஜப்பானியக் கணக்கு யந்திரக் கம்பெனி ஒன்றுக்காக 4004 என்ற சிப்பை வெளியிட்டார்கள். அதில் 2,300 மடைகள். உலகில் கடைக்கு வந்த முதல் மைக்ரோப்ராசஸர் அதுதான். அடுத்த ஆண்டே மலேசியாவில் பினாங்கில் ஆலை வைத்தார்கள். நம் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பினாங்குதான். சிப்பை வரைந்தது கலிபோர்னியா. அதைப் பொருத்தி, கட்டி, சோதித்துக் கொடுத்தது கிழக்கு நாடுகளின் தொழிலாளர் கைகள். பிறகு வந்த நாற்பது வருஷத்தில் மேஜைமேல் வைக்கும் கம்ப்யூட்டர் என்றாலே இன்டெல் என்றாகிவிட்டது.

அப்படிப்பட்ட கம்பெனி 2024-ம் வருஷக் கணக்கில் 1,880 கோடி டாலர் நஷ்டம் காட்டியது. நம் ரூபாயில் ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல். 2021-ல் 7,900 கோடி டாலராக இருந்த விற்பனை 2024-ல் 5,310 கோடியாகச் சரிந்தது. என்ன நடந்தது?

மூன்று சறுக்கல்கள்

முதல் சறுக்கல் போன். ஆப்பிள் கம்பெனி முதல் ஐபோனைச் செய்தபோது இன்டெல்லிடம் சிப் கேட்டது. தருகிற விலை கட்டாது என்று இன்டெல் மறுத்துவிட்டது. போனுக்கு ஏற்ற சிப் செய்து வந்த பிரிவையும் 2006-ல் 60 கோடி டாலருக்கு விற்றுவிட்டார்கள். தாங்கள் போட்ட செலவுக் கணக்கு தப்பு, எதிர்பார்த்ததைப் போல் நூறு மடங்கு போன் விற்றது என்று அன்றைய தலைமை நிர்வாகி பால் ஒட்டெலினியே 2013-ல் பதவியை விட்டுப் போகும்போது ஒப்புக்கொண்டார். இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் போன் இருக்கிறது. அவற்றில் ஓடுவது பிறர் வரைந்த சிப்.

இரண்டாவது சறுக்கல் ஆலைக்குள்ளேயே. மடைகளை மேலும் மேலும் நுண்மையாக வரைய ஒரு புதிய ஒளி யந்திரம் வேண்டியிருந்தது. ஹாலந்து நாட்டு ஏ.எஸ்.எம்.எல். கம்பெனி அதை உருவாக்கியது. அந்த முயற்சிக்கு 2012-ல் 410 கோடி டாலர் தர முன்வந்ததே இன்டெல்தான். ஆனால் யந்திரம் தயாரானதும் அதைப் பெரிய உற்பத்தியில் முன்னதாக இறக்கியவர்கள் தைவானின் டி.எஸ்.எம்.சி. கம்பெனியார், 2019-ல். இன்டெல் இறக்கியது 2023-ல். நடுவில் பழைய யந்திரத்தைக் கொண்டே பெரிய தாவல் தாவப் பார்த்து, '10 நானோமீட்டர்' என்ற முறையில் வருஷக்கணக்காகச் சிக்கிக் கிடந்தது.

மூன்றாவது சறுக்கல் செயற்கை நுண்ணறிவு. இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

இன்டெல் செய்கிற சிப் ஒரு கெட்டிக்கார மேஸ்திரி மாதிரி. எந்த வேலை கொடுத்தாலும் செய்வார். ஆனால் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுவார். 1993-ல் தொடங்கிய என்விடியா என்ற கம்பெனி, விளையாட்டுப் படங்களைத் திரையில் காட்டுவதற்காக வேறு வகைச் சிப் செய்து வந்தது. அது நாற்று நடும் பெண்கள் வரிசை மாதிரி. ஒவ்வொருவர் செய்வதும் ஒரே சிறு வேலை. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் குனிந்து நடுகிறார்கள். பொழுது சாய்வதற்குள் வயல் பச்சையாகிவிடுகிறது.

செயற்கை நுண்ணறிவில் மாயமந்திரம் எதுவும் இல்லை. மனிதர் எழுதி வைத்த கோடிக்கணக்கான பக்கங்களை யந்திரத்துக்குக் காட்டி, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று பழக்குகிறார்கள். உள்ளே நடப்பதெல்லாம் பெருக்கலும் கூட்டலும். கணக்கற்ற பெருக்கலும் கூட்டலும். அதற்கு ஒரு மேஸ்திரி போதாது. நடவு வரிசைதான் வேண்டும். 2012-ல் கனடாவில் டொராண்டோ சர்வகலாசாலையைச் சேர்ந்த மூவர் என்விடியாவின் இரண்டு விளையாட்டு அட்டைகளை வைத்துப் படங்களை அடையாளம் காணும் யந்திரத்தைப் பழக்கி, போட்டியில் எல்லோரையும் மிஞ்சினார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. உலகமே என்விடியாவின் வாசலில் வந்து நின்றது.

இன்டெல் தூங்கிவிட்டதா? தூங்கவில்லை. 2016-ல் நெர்வானா என்ற கம்பெனியை வாங்கியது. 2019-ல் ஹபானா என்ற இஸ்ரேல் கம்பெனியைச் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்கியது. வாங்கியதும் முன்னதைக் கைவிட்டது. பின்னதிலிருந்து வந்த 'கவுடி' சிப்புகளை 2024-ல் 50 கோடி டாலருக்கு விற்போம் என்று சொல்லி, அதையும் எட்ட முடியவில்லை. நாலு விதையை மாற்றி மாற்றித் தூவி, எதற்கும் களை எடுக்காத காடு எப்படி விளையும்? அந்த 2024 நவம்பரில் நியூயார்க் பங்கு மார்க்கெட்டின் பிரசித்தி பெற்ற டவ் ஜோன்ஸ் பட்டியலிலிருந்து இன்டெல் நீக்கப்பட்டது. அந்த இடத்தில் உட்கார்ந்தது என்விடியா.

விதைத் தானியம் எங்கே போனது?

தோழர்களே, இனிச் சொல்வதுதான் முக்கியம்.

நம் வீடுகளில் கேழ்வரகு அறுவடையானால் முதலில் என்ன செய்வோம்? நல்ல கதிராகப் பார்த்து விதைக்கென்று தனியே எடுத்து, சாம்பல் கலந்து, பானையில் கட்டி வைப்போம். வீட்டில் பட்டினி இருந்தாலும் அந்தப் பானையில் கை வைக்க மாட்டோம். ஏனென்றால் அது நம்முடையது அல்ல, அடுத்த வருஷத்தினுடையது.

இன்டெல் என்ன செய்தது? 1990-லிருந்து 2021 வரை தன் சொந்த ஷேர்களைத் தானே மார்க்கெட்டில் திரும்ப வாங்குவதற்கு 15,000 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. ஏன் வாங்க வேண்டும்? கம்பெனியே வாங்கினால் மிச்சமுள்ள ஷேரின் விலை ஏறும். ஷேர் வைத்திருப்பவருக்கு ஆதாயம். ஷேராகவே சம்பளம் வாங்கும் பெரிய நிர்வாகிகளுக்கும் ஆதாயம். அந்தப் பணத்தால் ஒரு புது யந்திரம் வந்ததில்லை, ஓர் ஆளுக்கு வேலை வந்ததில்லை. இதற்கு மேல் டிவிடெண்ட் வேறு.

நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆராய்ச்சிக்கும் இன்டெல் பெரும் தொகை செலவிட்டது. வீழ்ச்சிக்கு எஞ்சினீயர்களின் தப்புக் கணக்கும் ஒரு காரணம். ஆனால் மழை பொய்த்த வருஷத்தில் தாங்கி நிற்பது களஞ்சியத்தில் இருப்பதுதான். புதிய ஆலைகள் கட்ட வேண்டிய நாள் வந்தபோது இன்டெல் சர்க்காரிடம் கையேந்தி நின்றது. விதையை விற்றுத் தின்றவர்கள் யார் என்று அப்போது எவரும் கேட்கவில்லை.

பில் யார் தலையில்?

2024 ஆகஸ்டில் சுமார் 15,000 பேரை ஆட்குறைப்பு செய்வதாக இன்டெல் அறிவித்தது. 2023 கடைசியில் 1,24,800 பேர் வேலையில் இருந்தார்கள். 2024 கடைசியில் 1,08,900. 2025 மார்ச்சில் லிப்-பூ டான் என்பவர் தலைமை நிர்வாகியாக வந்தார். மலேசியாவில் பிறந்தவர். ஜூலையில் அவர் வைத்த குறி, வருஷ முடிவில் சுமார் 75,000 பேர். ஜெர்மனியில் மாக்டெபர்க் நகரத்தில் 3,000 பேருக்கு வேலை என்று சொன்ன ஆலை ரத்து. போலந்து ஆலையும் ரத்து. அமெரிக்காவில் ஒஹையோவில் 2022-ல் ஜனாதிபதி பைடனை அழைத்துப் பூமி பூஜை போட்ட ஆலை, 2025-ல் ஓடும் என்றார்கள். இப்போது 2030-க்குத் தள்ளிவிட்டார்கள். அங்கேயும் நிலம் கைமாறியது, ஊர் எதிர்பார்த்தது, வேலை வரவில்லை. வாக்குறுதியை நம்பி நிலம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் குடியானவன் நம் நாட்டில் மட்டும் இல்லை.

சர்க்கார் என்ன செய்தது? 2022-ல் சிப் சட்டம் போட்டு உதவித்தொகை ஒதுக்கியது. 2025 ஆகஸ்டில் இன்னும் கொடுக்க வேண்டியிருந்த தொகையைச் சேர்த்து, 890 கோடி டாலருக்குப் பதிலாகக் கம்பெனியில் சுமார் 10 சதவீத ஷேரை எடுத்துக்கொண்டது. சந்தையே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று உலகத்துக்கெல்லாம் உபதேசம் செய்த நாடு அது! ஆனால் ஷேர் வாங்கியும் டைரக்டர் சபையில் இடம் கேட்கவில்லை. முன்பே கொடுத்த பணத்துக்கு விதித்திருந்த லாபப் பங்கு நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். ஒரு தொழிலாளியைக்கூட வெளியே அனுப்பக் கூடாது என்ற ஷரத்து எங்கும் இல்லை. பொதுப் பணம் உள்ளே போனது, தொழிலாளி வெளியே வந்தான்.

இனிப் பிழைக்குமா?

பிழைக்கலாம். அதற்கு மூன்று வழிகளை வைத்திருக்கிறார்கள்.

ஒன்று, '18ஏ' என்ற புதிய உற்பத்தி முறை. அரிஜோனா ஆலையில் அது ஓடத் தொடங்கிவிட்டது. 2026 ஜனவரியில் அந்த முறையில் செய்த கம்ப்யூட்டர் சிப் கடைக்கு வந்தது.

இரண்டு, பிறருக்காகவும் சிப் செய்து கொடுக்கும் கூலி ஆலையாக மாறுவது. நெல் யாருடையதாயினும் அரைத்துக் கொடுக்கும் ரைஸ் மில் மாதிரி. தைவான் கம்பெனி 1987-லிருந்து அப்படித்தான் வளர்ந்தது. இங்கேதான் சிக்கல். பெரிய வாடிக்கைக்காரர் கிடைக்காவிட்டால் அடுத்த தலைமுறையான '14ஏ' முறையையே நிறுத்த வேண்டி வரலாம் என்று 2025 ஜூலையில் கம்பெனியே எழுத்தில் கொடுத்திருக்கிறது. 2024-ல் ஆலைப் பிரிவின் நஷ்டம் மட்டும் 1,300 கோடி டாலருக்கு மேல்.

மூன்று, செயற்கை நுண்ணறிவு. மாட்டைப் பழக்குவது ஒரு வேலை. பழகின மாட்டை ஏரில் பூட்டித் தினம் உழுவது வேறு வேலை. யந்திரத்தைப் பழக்கும் வேலையில் என்விடியாவை இன்டெல் எட்ட முடியாது. ஆகவே பழகினதைக் கொண்டு உழும் வேலைக்கு, குறைந்த செலவில், குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிப் செய்வோம் என்கிறார்கள். 'கிரெசென்ட் ஐலண்டு' என்ற சிப்பை 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். மாதிரிகளை 2026 பிற்பாதியில் தருவதாகத் திட்டம். நடவு வரிசைக்கும் ஒரு மேஸ்திரி தேவை அல்லவா? ஆகவே என்விடியாவின் சிப்போடு சேர்ந்து வேலை செய்யும் மேஸ்திரிச் சிப்பையும் இன்டெல் செய்யும். அதற்காக 2025 செப்டம்பரில் என்விடியாவே 500 கோடி டாலர் முதல் போடச் சம்மதித்தது. நேற்றுவரை ஏளனம் செய்யப்பட்டவன் இன்று பங்காளி.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பாலக்கோட்டுத் தோழர்களுக்கு விளக்கவே வேண்டாம். தக்காளி விலை ஏறிய வருஷம் எல்லோரும் தக்காளி நடுகிறோம். எல்லார் காயும் ஒரே வாரத்தில் மண்டிக்கு வருகிறது. பறிக்கிற கூலி கட்டாமல் ரோட்டோரம் கொட்டுகிறோம். இன்று உலகத்துப் பெரிய முதலாளிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் செயற்கை நுண்ணறிவை நட்டிருக்கிறார்கள். சிப் விற்பவனே சிப் வாங்குபவனிடம் முதல் போடுகிறான். மண்டி நிரம்பும் நாள் வந்தால் முதலில் ஆட்குறைப்பு நோட்டீஸ் எங்கே ஒட்டப்படும்? தலைமை நிர்வாகியின் அறையில் ஒட்ட மாட்டார்கள்.

நம் பங்கு, நம் கேள்வி

சிப் தொழில் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. யந்திரத்தைக் கண்டு அஞ்சுகிறவர்கள் நாம் அல்லர். ஆலையில் அதை ஓட்டுகிறவர்களே நாம்தான். இந்த நாட்டுக்குச் சிப் செய்யத் தெரியாது என்பதும் பொய். பொதுத் துறையில் மொஹாலியில் வைத்த ஆலை 1984-ல் சிப் செய்யத் தொடங்கியது. 1989 பிப்ரவரி 7-ந் தேதி தீயில் அது எரிந்து போனது. மறுபடி நிமிர அதற்கு வருஷங்கள் பிடித்தன. ஆனாலும் இன்று விண்வெளி ராக்கெட்டுக்கான 'விக்ரம்' சிப் அந்த ஆலையில்தான் பிறக்கிறது.

2021 டிசம்பரில் மத்திய சர்க்கார் சிப் தொழிலுக்கென்று 76,000 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. தோலேரா ஆலைக்கு 91,000 கோடி, ஜாகிரோடு ஆலைக்கு 27,000 கோடி என்று மதிப்பு. இப்படிப்பட்ட ஆலைகளின் முதலீட்டில் பாதியைச் சர்க்கார் தருகிறது. அந்தப் பணம் யாருடையது? தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிற நம்முடையது. பாதி முதல் போட்ட பங்காளி கணக்குக் கேட்கக் கூடாதா?

நாம் கேட்க வேண்டியவை இவை. பொதுப் பணம் வாங்கிய கம்பெனி, ஷேரைத் திரும்ப வாங்கி விதையைத் தின்னக் கூடாது என்று எழுதி வாங்கினீர்களா? எத்தனை பேருக்கு நிரந்தர வேலை, எத்தனை பேருக்குக் காண்டிராக்ட் வேலை என்று எழுதி வாங்கினீர்களா? ஆட்குறைப்பு வந்தால் நஷ்டஈடு யார் பொறுப்பு? நம் பெண் பிள்ளைகளுக்குத் திருகாணி முடுக்கும் வேலையோடு சரியா, யந்திரத்தைப் பழுது பார்க்கும் தொழில்நுட்பமும் கற்றுத் தருவீர்களா? சிப் ஆலைக்குச் சுத்தமான தண்ணீர் ஏராளமாக வேண்டும். ஒகேனக்கல் தண்ணீருக்காக வருஷக்கணக்காய்க் காத்திருந்த நம் மாவட்டத்தின் பக்கத்தில் நாளை ஓர் ஆலை வந்தால், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

கேட்டால் கிடைக்குமா என்று சந்தேகப்பட வேண்டாம். 2023 ஏப்ரல் 21-ல் நம் சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நிறைவேறியது. எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகள் வர வேண்டுமானால் இது அவசியம் என்றார்கள். தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒரே குரலில் எதிர்த்தன. பத்தே நாளில், மே தினத்தன்று, வாபஸ் பெற்றதாக முதலமைச்சர் அறிவித்தார். மசோதா போனது; ஆலைகள் ஓடிப்போகவில்லை.

தோழர்களே, இன்டெல்லின் கதை நமக்குச் சொல்வது இதுதான். ஒரு கம்பெனியின் விதை அதன் ஷேர் விலையில் இல்லை. வேலை தெரிந்த கைகளிலும், புதிது கற்கும் மூளைகளிலும், நாளைய யந்திரத்துக்கென்று எடுத்து வைத்த பணத்திலும் இருக்கிறது. அதை விற்றுத் தின்ற கம்பெனிக்கு உலகத்துச் சர்க்காரெல்லாம் சேர்ந்து முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நமக்கு முட்டுக் கொடுக்க யாரும் வர மாட்டார்கள். ஓசூருக்குப் போகும் நம் பிள்ளைகளின் கைத்திறன்தான் நம் வீட்டு விதைத் தானியம். அதை அடிமாட்டு விலைக்கு அளந்து கொடுக்காமல் இருக்க வேண்டுமானால், இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அந்தப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். சங்கத்தில் சேர்ந்திருக்கிறாயா என்று கேளுங்கள். மிச்சத்தை அவர்களே கேட்பார்கள்.